கூடங்குளமா, நிலக்கரியா, காத்தாடியும் பேட்டரியுமா? எந்த மணிக்கு, எந்த மாதத்துக்கு என்று சேர்த்துப் பேசுவோம்

நெல்லைக்காற்று (இழையைத் தொடங்கியவர்):

எல்லாருக்கும் வணக்கம். நான் காற்றாலைப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். கயத்தாறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழி என்று சுற்றுகிற வேலை.

ஆடிக் காற்று ஏறி அடிக்கிற சமயம் சில நாள் மதியம் சப்-ஸ்டேஷனிலிருந்து போன் வரும். "லோடு இல்லை, இறக்குங்க" என்பார்கள். மின்சாரத்துக்குத் தேவை இல்லை, உற்பத்தியைக் குறை என்று அர்த்தம். கோபுரத்தடியில் நின்றால் சட்டை படபடவென்று அடிக்கிற காற்று. அந்தக் காற்றில்தான் மெஷினை நிறுத்துவோம். பிளேடு மெல்லத் திரும்பி விளிம்பைக் காற்றுக்குக் காட்டியபடி சும்மா நிற்கும். அதே மின்வாரியம்தான் கோடைகால ராத்திரியில் மின் சந்தையில் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்கிற உச்சவரம்பு வரை கொடுத்து வாங்குகிறது.

நம் ஆட்கள் இதைப் பேச ஆரம்பித்தால் ஒருவர் "காற்று நின்னா என்ன செய்வீங்க?" என்பார். இன்னொருவர் "அதான் பேட்டரி வந்துடுச்சே" என்பார். மூன்றாமவர் ஃபுகுஷிமா அணு விபத்து என்பார். பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதனால் ஒரு வேண்டுகோள். யார் எதைச் சொன்னாலும் அது எந்த மணி நேரத்துக்கு, எந்த மாதத்துக்கு என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

முதலில் என் பக்கத்துக் கணக்கு. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழையைக் கொட்டுகிற அதே காற்றுதான் பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக நமக்கு வருகிறது. மே கடைசியில் ஏறும், செப்டம்பர் வரை நிற்கும். நல்ல காற்று நாளில் மாநிலத்துக் காற்றாலைகள் மட்டும் 10 கோடி யூனிட்டைத் தாண்டும். நவம்பரில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராத நாள்கள் உண்டு. ஆனால் நம் தேவை உச்சத்துக்குப் போவது ஏப்ரல், மே மாதங்களில். 2024 மே 2-ஆம் தேதி 20,830 மெகாவாட் போனது. அப்போது காற்று இன்னும் தொடங்கியிருக்காது.

இதில் ஒரு நாலு மணி நேரப் பேட்டரி எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது? நிலக்கரியும் அணுவும் இல்லாமல் எதுவரை போக முடியும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


பல்லடம் மில்:

நல்ல கேள்விங்க. நான் நூற்பாலையில எலக்ட்ரிகல் பார்க்கிறேன். எங்க முதலாளிக்குச் சொந்தமா காத்தாலை இருக்கு. கோயமுத்தூர், திருப்பூர் மில்காரங்க பாதிப் பேருக்கு இருக்கும். தமிழ்நாட்டுல காத்தாலை இந்த அளவுக்கு வளர்ந்ததுக்கு மில்லுங்க போட்ட காசு பெரிய காரணம்ங்க. 90-கள்ல இருந்து போட்டுட்டு இருக்காங்க.

எங்களுக்குப் பேட்டரி ஏற்கெனவே இருக்குதுங்க, அதுக்குப் பேரு பேங்கிங். ஆடியில ஓடின யூனிட்டை வாரியத்துக் கணக்குல போட்டு வெச்சுக்கிட்டு மார்கழி, தையில எடுக்கறோம். அதுக்கு 14 சதவீதம் கழிச்சுக்கறாங்க. மார்ச் 31 வந்தா அந்த வருசத்துக் கணக்கு முடியும். சாயங்காலம் 6-ல இருந்து 10 வரைக்கும் பீக் அவர். அப்ப எடுக்கற யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம்.

நான் கேட்கறது என்னன்னா, மில்லுக்குள்ளயே ஒரு பேட்டரி கன்டெய்னர் வெச்சா அந்த 25 சதவீதத்தை மிச்சம் பண்ண முடியுமா? விலை ரொம்ப இறங்கிடுச்சுன்னு சொல்றாங்க.


ஓய்வுபெற்ற பொறியாளர்:

மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். சில காலம் காடம்பாறையிலும் பிறகு லோடு டெஸ்பாட்ச் பிரிவிலும் இருந்தேன்.

மில் நண்பர் சொன்ன பேங்கிங்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்த விவாதத்தின் மையமே அதுதான். பேங்கிங்கில் மின்சாரம் எதுவும் சேமிக்கப்படுவதில்லை. கணக்கேட்டில் ஓர் எண் சேமிக்கப்படுகிறது, அவ்வளவுதான். ஆடியில் நீங்கள் கொடுத்த யூனிட் ஆடியிலேயே யாரோ ஒருவர் வீட்டு மின்விசிறியில் செலவாகிவிட்டது. தையில் உங்களுக்குத் திருப்பித் தரப்படுவது மேட்டூரிலோ வட சென்னையிலோ தூத்துக்குடியிலோ எரிகிற நிலக்கரி. ஆக, நம்முடைய காற்றாலை வளர்ச்சிக்குப் பின்னால் நின்ற பேட்டரி நிலக்கரிதான். மில்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த ஏற்பாடு இல்லாமல் இத்தனை காற்றாலை வந்திருக்காது. ஆனால் நிலக்கரியை மூட வேண்டும் என்று பேசும்போது, அது சத்தமில்லாமல் பார்த்துவந்த இந்த வேலையை இனி யார் பார்ப்பது என்றும் கேட்க வேண்டும்.

அடுத்து, உண்மையாகவே சேமிக்கிற இடம். ஆனைமலையில் காடம்பாறை. 1987-க்கும் 1989-க்கும் இடையில் ஓட ஆரம்பித்தது. மலையைக் குடைந்த குகைக்குள் நாலு மெஷின்கள், ஒவ்வொன்றும் 100 மெகாவாட். மேலே காடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு அணை. மின்சாரம் மிஞ்சும்போது அதே மெஷின் எதிர்ப்பக்கமாகச் சுழன்று தண்ணீரை மேலே ஏற்றும். தட்டுப்படும்போது தண்ணீர் இறங்கி மெஷினைச் சுற்றும். இரண்டு நீர்மட்டத்துக்கும் இடையே ஏறக்குறைய 380 மீட்டர். ஒரு கன மீட்டர் தண்ணீர், அதாவது ஆயிரம் லிட்டர், அவ்வளவு உயரம் இறங்கினால் கிடைப்பது சுமார் ஒரு யூனிட். நாலு மெஷினும் ஒரு மணி நேரம் ஓட 4 லட்சம் கன மீட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். நாலு யூனிட் செலவழித்து ஏற்றினால் மூன்று யூனிட் திரும்பி வரும்.

அன்றைக்கு நள்ளிரவில் ஏற்றுவோம். அப்போதுதான் லோடு குறைவு. சோலார் வந்த பிறகு ஏற்றுகிற நேரம் பகல் பக்கம் நகர்ந்துவிட்டது. மெஷின் அதேதான். ஆனால் ஏற்றுவதற்கு நிலக்கரிக்குப் பதில் வெயில் கிடைத்திருக்கிறது.

நவம்பர் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.


அணு மாணவன்:

இயற்பியல் முதுகலை படிக்கிறேன். எல்லோரும் பேட்டரிப் பக்கம் போவதற்கு முன் ஒரு எதிர்க்கருத்து.

கூடங்குளம் 1, 2 உலைகள் ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். எரிபொருள் மாற்றும் நாள்களையும் பழுதையும் கழித்தால் பகலும் இரவும் ஆடியும் ஐப்பசியும் ஒன்றுதான். கமுதி சோலார் பண்ணை 648 மெகாவாட், அதற்குச் சுமார் 2,500 ஏக்கர். அதுவும் வெயில் இருக்கும்போது மட்டும். பிரான்ஸ் நாட்டில் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அணுவிலிருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்கு அவர்கள் வெளியிடும் கார்பன் ஜெர்மனியைவிட மிகவும் குறைவு. ஜெர்மனி 2023 ஏப்ரல் 15 அன்று கடைசி மூன்று உலைகளை மூடியது. அன்றைக்கு அங்கே பழுப்பு நிலக்கரி எரிந்துகொண்டுதான் இருந்தது. வரிசையை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்பது என் உறுதியான கருத்து. நிலக்கரியை முதலில் மூடியிருக்க வேண்டும்.

நெல்லைக்காற்று அண்ணன் கேட்டபடி சொல்கிறேன்: நவம்பர், ராத்திரி 8 மணி, நாலு நாளாக மழை மேகம். அந்த நேரத்துக்கு அணுவைத் தவிர கார்பன் வெளியிடாத வேறு என்ன இருக்கிறது?


கடல்புறத்தாள்:

நான் இடிந்தகரைப் பக்கம். தம்பி சொன்னதில் ஜெர்மனி விஷயத்தை மறுக்கவில்லை. ஆனால் நேரம் என்று வந்துவிட்டதால் நானும் நேரத்தையே சொல்கிறேன்.

கூடங்குளத்துக்கு ஒப்பந்தம் போட்டது 1988-ல். கட்ட ஆரம்பித்தது 2002-ல். முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014 டிசம்பரில். மூன்றாவது உலைக்கு கான்கிரீட் போட்டது 2017 ஜூனில், எட்டு வருசம் ஆன பிறகும் கட்டுமானத்தில்தான் இருந்தது. இப்போது புதிதாக ஓர் உலைக்குக் கையெழுத்துப் போட்டால் அது எந்த நவம்பருக்கு வந்து விளக்கு எரிக்கும்? அதுவரை எரியப்போவது நிலக்கரிதானே.

இன்னொன்று. அந்த 1,000 மெகாவாட் பழுதானால் சிறிது சிறிதாகக் குறையாது. ஒரே நொடியில் மொத்தமும் போகும். காற்று குறையப்போகிறது என்று முந்தின நாளே ஓரளவு கணித்துச் சொல்கிறார்கள். உலை நிற்கப்போவதை யாரும் முந்தின நாள் சொல்வதில்லை.

2011-ல் எங்கள் ஊர் லூர்து மாதா கோயில் முன்னால் உலைக்கு எதிராகப் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். மீன் விற்கிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள். அந்த வருசம் மார்ச் மாதம் ஜப்பானில் நடந்ததை டிவியில் பார்த்தவர்கள். அவர்கள் கேட்டது பெரிய தத்துவம் இல்லை. எரிந்து முடிந்த எரிபொருளை எங்கே வைப்பீர்கள்? கடலில் விடும் சுடுதண்ணீரால் மீன் நகர்ந்துபோனால் யார் பொறுப்பு? ஏதாவது ஆனால் எந்த ரோட்டில் எங்களைக் கூட்டிக்கொண்டு போவீர்கள்? 2012 செப்டம்பர் 10-ஆம் தேதி கடற்கரையில் தடியடியும் கண்ணீர்ப்புகையும்தான் கிடைத்தது. ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்கு வந்தது. முதல் கேள்விக்கு இன்றுவரை முழுப் பதில் இல்லை. கழிவை நிரந்தரமாகப் புதைக்க இந்தியாவில் இன்னும் ஓர் இடம் அமையவில்லை. உலை வளாகத்திலேயேதான் வைக்கிறார்கள்.

பேட்டரிக்கும் ஆபத்து உண்டு என்று யாராவது சொல்வீர்கள். சொல்லுங்கள், அதையும் கேட்கிறேன்.


மாடி சோலார் மதுரை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வீட்டு மாடியில் 3 கிலோவாட் போடலாம் என்று இருக்கிறேன். மானியம் 78,000 ரூபாய் என்கிறார்கள். கூடவே பேட்டரியும் போட வேண்டுமா?


நெல்லைக்காற்று:

மதுரை நண்பருக்கு: உங்கள் நோக்கம் பில் குறைவது மட்டும் என்றால் பேட்டரி வேண்டாம். இருவழி மீட்டர் போதும். 3 கிலோவாட் நல்ல வெயில் நாளில் 12 யூனிட் சுற்றித் தரும், மிஞ்சுவது லைனுக்குப் போகும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கரண்ட் கட்டானால் உச்சி வெயிலிலும் உங்கள் சோலார் நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கிற லைன்மேனுக்கு உங்கள் வீட்டுக் கரண்ட் அடித்துவிடக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டரே அப்படி அமைந்திருக்கிறது. கட் நேரத்திலும் ஓட வேண்டும் என்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். அப்போது லெட் ஆசிட் வாங்காமல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் பல மடங்கு சுற்றுகள் உழைக்கும், தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை.

கடல்புறத்தாள் அக்கா கேட்ட பேட்டரி ஆபத்து: இருக்கிறது. 2025 ஜனவரி 16 அன்று கலிஃபோர்னியாவில் மாஸ் லேண்டிங் என்கிற இடத்தில் பெரிய பேட்டரி நிலையம் தீப்பிடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். அது பழைய மின்நிலையத்துக் கட்டடம் ஒன்றுக்குள் நிக்கல், கோபால்ட் கலந்த செல்களை நெருக்கி அடுக்கிய அமைப்பு. இப்போது பெரும்பாலும் திறந்த வெளியில் இடைவெளி விட்டு வைத்த கன்டெய்னர்கள், செல்லும் இரும்பு பாஸ்பேட் வகை. அது அவ்வளவு சுலபமாகப் பற்றாது. பற்றினால் ஒரு கன்டெய்னரோடு நிற்கும்படி அமைக்கிறார்கள். அருகில் இருக்கிற ஊரைக் கேட்காமல் அதையும் வைக்கக் கூடாது என்பது என் எண்ணம்.


அடிலெய்ட் வாசி:

தென் ஆஸ்திரேலியாவில் இருக்கிறேன். நீங்கள் பேசுவதை இந்த மாநிலம் செய்து பார்த்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

இங்கே கடைசி நிலக்கரி நிலையம் 2016 மே மாதம் மூடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று புயலில் மாநிலம் முழுக்க இருண்டது. "காற்றாலையை நம்பினால் இப்படித்தான்" என்று நாடு முழுக்கப் பேச்சு. விசாரணையில் தெரிந்தது வேறு. சூறைக்காற்றில் உயர் அழுத்தக் கோபுரங்கள் சாய்ந்து லைனில் அடுத்தடுத்துப் பழுது. இத்தனை முறை வோல்டேஜ் விழுந்தால் நின்றுவிடு என்று பல காற்றாலைகளின் கன்ட்ரோலில் வைத்திருந்த ஒரு செட்டிங்கால் அவை நின்றன. அந்தச் சுமை மொத்தமும் பக்கத்து மாநில லைன் மேல் ஏறி அதுவும் தானாகத் துண்டித்துக்கொண்டது. செட்டிங்கை மாற்றினார்கள்.

அடுத்த ஆண்டு ஹார்ன்ஸ்டேல் பேட்டரி வந்தது, 100 மெகாவாட், 129 மெகாவாட்-மணி. 2017 டிசம்பர் 14 அதிகாலை விக்டோரியாவில் நிலக்கரி யூனிட் ஒன்று திடீரென்று நின்று 560 மெகாவாட் போனபோது, ஆயிரம் கிலோமீட்டர் அளவு தள்ளியிருந்த இந்தப் பேட்டரி ஒரு நொடிக்குள் மின்சாரத்தை உள்ளே தள்ளியது. அளவு சிறிது, 7 மெகாவாட் சுற்றித்தான். ஆனால் எந்த நீராவி டர்பைனாலும் அந்த வேகத்தில் எழுந்திருக்க முடியாது. அப்போதுதான் பொறியாளர்கள் பேட்டரியைப் பார்க்கிற பார்வை மாறியது.

இப்போது இந்த மாநிலத்து மின்சாரத்தில் ஏறக்குறைய எழுபது சதவீதம் காற்றும் வெயிலும். யுரேனியம் தோண்டி ஏற்றுமதி செய்கிற மாநிலம் இது, ஆனால் அணுமின் நிலையம் ஒன்றுகூடக் கிடையாது. அதற்காக எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். குளிர்காலத்தில் காற்றில்லாத இரவுகளில் எரிவாயு நிலையங்கள் ஓடுகின்றன, விக்டோரியாவிலிருந்தும் வாங்குகிறார்கள். மாணவர் கேட்ட அந்த நவம்பர் இரவு எங்களுக்கு ஜூன், ஜூலையில் வருகிறது. அதைப் பேட்டரி இன்னும் தீர்க்கவில்லை.


தீவகம்:

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். அடிலெய்ட் அண்ணை சொன்ன நொடிக் கணக்கு எங்களுக்கு 2025 பெப்ரவரி 9 அன்று நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொரு மணி கடந்த நேரம். பாணந்துறை உபமின்நிலையத்தில குரங்கு ஒண்டு பட்டு நாடு முழுக்க மின்சாரம் போனது. எல்லாரும் குரங்கைப் பற்றித்தான் கதைச்சவை. ஆனா காரணம் அதைவிடப் பெரிசு. விடுமுறை நாள், பாவனை குறைவு, கூரைச் சூரியக்கலத்தில இருந்து வாற மின்சாரம் அதிகம். கனமான டர்பைன் சுழலுற நிலையங்கள் கொஞ்சம்தான் ஓடிக்கொண்டிருந்தன. அதிர்வெண் விழேக்க தாங்கிப் பிடிக்க ஒண்டும் இல்லை. நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின்ர மூண்டு யூனிட்டும் நிண்டு, திரும்ப எழும்ப நாள் கணக்கானது. அதுவரைக்கும் சுழற்சி முறையில மின்வெட்டு.

சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு, பெரிய கூரைச் சூரியக்கலங்களைப் பகலில நிப்பாட்டி வையுங்கோ எண்டு மின்சார சபை கேட்டது. 2022-ல டீசலும் நிலக்கரியும் வாங்க டொலர் இல்லாமல் 13 மணித்தியாலம் வரைக்கும் இருட்டில இருந்த நாடு, மூண்டு வருசத்தில வெயில் கூடிப்போச்சு எண்டு நிப்பாட்டச் சொன்னது. இடையில இருக்க வேண்டியது பேட்டரி. அதைத்தான் காலத்துக்கு வைக்கேல்லை.

எங்கட நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூண்டிலயும் டீசல் ஜெனரேட்டர்தான் கனகாலம். டீசலும் படகிலதான் போக வேணும். அங்க காற்று, சூரியன், பேட்டரி சேர்த்த கலப்புத் திட்டம் இந்திய உதவியோட வருகுது. முதல்ல சீனக் கம்பனிக்குக் கிடைச்சு, பிறகு அரசியலால மாறின திட்டம். தீவுச் சனத்துக்கு அந்த இழுபறியில போனது வருசங்கள். சுன்னாகத்தில டீசல் மின்நிலையத்து எண்ணெய் கிணத்துத் தண்ணியில கலந்து, ஊரே குடிதண்ணிக்கு அலைஞ்சது. அதைப் பார்த்த எங்களுக்கு இது வெறும் கணக்கு இல்லை.

ஒண்டு மட்டும் சொல்லவேணும், காற்றாலையையும் சனத்தைக் கேட்டுத்தான் வைக்கவேணும். மன்னார்த் தீவில 2020-ல 30 காற்றாலை வந்தது. இன்னும் கூட வைக்கப்போறம் எண்ட உடன 2025-ல மக்கள் றோட்டில இறங்கினவை. வெள்ளம் வழிஞ்சோடுற பாதை, மீன்பிடி, வலசை வாற பறவைகள் எண்டு அவை சொன்ன காரணங்களை ஆரும் லேசில தள்ள ஏலாது.


ஓய்வுபெற்ற பொறியாளர்:

தீவகம் தம்பி எழுதியது மிக முக்கியம். இன்வெர்ட்டரில் கனம் கிடையாது. சுழலுகிற இரும்புதான் முதல் சில நொடி கிரிட்டை, அதாவது மின்வலையை, தாங்குகிறது. அதற்கும் வழி உண்டு. அடிலெய்ட் பக்கம் சின்க்ரனஸ் கன்டென்சர் வைத்திருக்கிறார்கள், எரிபொருள் இல்லாமல் சும்மா சுழலும் பெரிய மெஷின். கிரிட்டுக்குத் தானே தாளம் கொடுக்கிற இன்வெர்ட்டர்களும் வந்துவிட்டன. இந்தியாவுக்கு உள்ள வசதி, நாடு முழுக்க ஒரே கிரிட். ஒரு நிலையம் விழுந்தால் பத்து மாநிலம் தாங்கும்.

நவம்பர் இரவுக்கு வருகிறேன். மாணவர் சொன்ன அளவுக்கு அது இருட்டு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழையால் நம் தேவையே கோடையைவிட நன்றாக இறங்கிவிடும். அணைகளில் தண்ணீர் இருக்கும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின்சார லைன் வந்திருக்கிறது. கொள்ளளவு 6,000 மெகாவாட், இரு பக்கமும் ஓடும். ஆடியில் நம் காற்றை வடக்கே அனுப்பலாம். மார்கழியில் நமக்கு மேகம் மூடியிருந்தாலும் ராஜஸ்தானில் வானம் தெளிவாக இருக்கும், அங்கே வெயிலில் எடுத்ததை அங்கேயே பேட்டரியில் போட்டு இரவில் இங்கே கொண்டுவரலாம். பருவத்துக்குப் பருவம் மாற்றிக்கொள்ள லைன்தான் வழி. பேட்டரி இல்லை.

இருக்கிற கூடங்குளம் உலைகளை மூடச் சொல்ல மாட்டேன். கடல்புறத்தாள் அம்மா மன்னிக்க வேண்டும். ஓடுகிற உலையை மூடினால் அந்த இடத்தில் மறுநாள் எரிவது நிலக்கரி. புதிதாக ஆறு, எட்டு என்று அடுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.


பல்லடம் மில்:

ஐயா, அந்த லைன் கோபுரம் எங்க பக்கத்துத் தோட்டங்காடு வழியாத்தான் வந்துச்சுங்க. திருப்பூர், ஈரோடு, கோயமுத்தூர் விவசாயிங்க உண்ணாவிரதம் வரைக்கும் போனாங்க. கோபுரம் நின்ன இடத்துக்கும் கம்பி போற இடத்துக்கும் கொடுத்த இழப்பீடு பத்தலைன்னு சொன்னாங்க, ரோட்டோரமா கேபிளாப் பதிக்கச் சொன்னாங்க. தென்னை வெச்சவங்க கம்பிக்குக் கீழ இருந்த மரத்தை எல்லாம் வெட்ட வேண்டியதாச்சு. பசுமை மின்சாரம்னு பேசறவங்க இதையும் கணக்குல எடுங்க.


நெய்வேலிப் பிள்ளை:

இதுவரை யாரும் எழுதாத ஒன்று. 1956-லிருந்து எங்கள் ஊர் நிலக்கரியால் எழுந்த ஊர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, டவுன்ஷிப், எல்லாம் பழுப்பு நிலக்கரி. முதல் அனல் நிலையம், 600 மெகாவாட், 2020-ல் மூடப்பட்டுவிட்டது. நிரந்தர ஊழியரை வேறு யூனிட்டுக்கு மாற்றலாம். ஒப்பந்தத் தொழிலாளி எங்கே போவார்? சோலார் பண்ணையில் கட்டும்போது ஆயிரம் பேருக்கு வேலை, கட்டி முடித்தால் புல் வெட்டவும் பேனல் துடைக்கவும் காவலுக்கும் கொஞ்சம் பேர்.

அதே சமயம் சுரங்கம் விரிகிறபோது நிலம் போகிறவர்களும் எங்கள் சொந்தக்காரர்கள்தான். 2023-ல் வளையமாதேவியில் நெல் நிற்கிற வயலில் மண் இயந்திரம் இறங்கியதை எல்லாரும் பார்த்தோம். சுரங்கமும் தொடர வேண்டாம், எங்கள் பிள்ளைகளும் தெருவில் நிற்க வேண்டாம். மூடுகிற நிலையங்களில் ஏற்கெனவே சப்-ஸ்டேஷன் இருக்கிறது, உயர் அழுத்த லைன் இருக்கிறது, நிலம் இருக்கிறது. பேட்டரி நிலையம் வைக்க அதைவிடத் தோதான இடம் ஏது? அங்கேயே வையுங்கள், அங்கே இருப்பவர்களுக்கே பயிற்சி கொடுங்கள். இதை ஒப்பந்தத்தில் எழுத்தாகக் கேட்கிறேன்.


நெல்லைக்காற்று:

நெய்வேலித் தம்பியின் யோசனையை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆஸ்திரேலியாவிலும் மூடிய நிலக்கரி நிலையங்களின் இடத்தில் பேட்டரி வைக்கிறார்கள், லைன் தயாராக இருப்பதால்.

இனி மில் நண்பர் கேட்ட விலை. வாரியங்களும் மத்திய நிறுவனங்களும் பேட்டரியை வாடகைக்கு ஏலம் விடுகின்றன. ஒரு மெகாவாட், இரண்டு மணி நேரம் தாங்கும் பேட்டரிக்கு மாதம் இவ்வளவு என்று. 2022-ல் வந்த பெரிய ஏலத்தில் மாதம் சுமார் 10.8 லட்சம் ரூபாய். 2025-ல் அரசு மானியத்தோடு 2.5 லட்சத்துக்கும் கீழே வந்திருக்கிறது. தினம் ஒரு சுற்று ஓட்டினால் மாதம் 60,000 யூனிட். வகுத்துப் பாருங்கள்: 2022-ல் ஒரு யூனிட்டைச் சேமித்துத் தர 18 ரூபாய், 2025-ல் 4 ரூபாய் சுற்றி. தினம் இரண்டு சுற்று ஓட்டினால் அதுவும் பாதி. பகல் சோலார் 3 ரூபாய்க்குள் கிடைக்கிறது, போய்வருகிற இழப்பையும் சேர்த்தால் சாயங்கால யூனிட் 7 ரூபாய் பக்கம் வருகிறது. சந்தையில் 10 ரூபாய் கொடுக்கிற நேரத்துக்கு இது லாபம். மில்லுக்குள் தனியாக வைத்தால் நிலைமை வேறு. யூனிட் 7 ரூபாய்க்கு மேல் கட்டுகிறீர்கள், 25 சதவீதம் என்றால் மிச்சம் ரூபாய் 1.80 சுற்றித்தான். அதை மட்டும் நம்பிப் போடாதீர்கள். சொந்த சோலாரைச் சாயங்காலத்துக்கு நகர்த்துவது, வோல்டேஜ் விழுந்து நூல் அறுவதைத் தடுப்பது, டீசல் ஜெனரேட்டரை நிறுத்துவது, எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.

மாநில அளவில்: சாயங்காலம் நாலு மணி நேரம் 4,000 மெகாவாட் தாங்க வேண்டுமானால் 1.6 கோடி யூனிட் பேட்டரி. பெரிய அளவுதான், ஆனால் கட்டக்கூடியது. மாநிலத்து சோலார் ஒரு நாளில் 4 கோடி யூனிட்டைத் தாண்டியிருக்கிறது, ஆகவே நிரப்பவும் வழி இருக்கிறது, இன்னும் கொஞ்சம் சோலார் சேர்க்க வேண்டும். இதையே ஒரு வாரம் காற்று நின்றால் ஈடுகட்ட வேண்டும் என்று கேட்டால், நாளுக்கு 10 கோடி வீதம் 70 கோடி யூனிட். நாற்பது மடங்குக்கு மேல். அந்தப் பேட்டரியை யாராலும் கட்ட முடியாது, கட்டவும் கூடாது.

ஆகவே என் நிலை இது. சாயங்காலம் 6 முதல் 10 வரைக்கு என்று சொல்லி இனி ஒரு நிலக்கரி நிலையம்கூடப் புதிதாகக் கட்டக் கூடாது. அந்த நேரத்தைப் பேட்டரியிடமும், நீலகிரி குந்தாவில் காடம்பாறை மாதிரியே தண்ணீர் ஏற்றி இறக்கக் கட்டுகிற 500 மெகாவாட்டிடமும், காடம்பாறையிடமும் விடலாம். நவம்பருக்கு லைன், அணை, ஓடுகிற இரண்டு உலைகள், இருக்கிற நிலக்கரியில் நல்ல நிலையில் உள்ள சில யூனிட்டுகள், அதுவும் வருசத்தில் சில வாரங்களுக்கு மட்டும். பழைய 250 கிலோவாட் காத்தாடிகளை எடுத்துவிட்டு அதே இடத்தில் உயரமான பெரிய மெஷின் வைத்தால் மெல்லிய காற்றிலும் ஓடும், காற்று மாதங்களே இரு பக்கமும் கொஞ்சம் நீளும். நல்ல கணவாய் இடங்களை எல்லாம் முப்பது வருசத்துக்கு முந்திய சிறு மெஷின்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அதைப் பார்த்துக்கொண்டே தினம் வேலைக்குப் போகிற எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.


அணு மாணவன்:

1.6 கோடிக்கும் 70 கோடிக்கும் உள்ள வித்தியாசத்தை இப்படி யாரும் போட்டுக் காட்டியதில்லை. ஒரு கேள்வி மிச்சம். அந்த "சில வாரங்களுக்கு மட்டும்" ஓடும் நிலக்கரி யூனிட்டுக்கு வருசம் முழுக்கச் சம்பளமும் பராமரிப்பும் யார் கொடுப்பது?


ஓய்வுபெற்ற பொறியாளர்:

இப்போதும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலைக்கட்டணம் என்று ஒன்று ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் உண்டு. மின்கட்டணத்தில் அது தனியாகத் தெரிவதில்லை. தெரிய வேண்டும்.

அடுத்த முறை ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக்கேட்புக் கூட்டம் வைக்கும்போது எழுத்தில் கொடுக்கலாம். நான் வரைவு எழுதுகிறேன். காற்றாலைகளையும் சோலாரையும் எந்த நாள், எந்த மணிக்கு, எத்தனை மெகாவாட் இறக்கச் சொன்னார்கள் என்பதை வாரியம் மாதந்தோறும் வெளியிட வேண்டும். அதே மணிக்கு எந்தெந்த நிலக்கரி யூனிட் எவ்வளவு ஓடியது என்பதையும் பக்கத்திலேயே போட வேண்டும். இந்த இரண்டு வரிசையும் கையில் இருந்தால் எத்தனை பேட்டரி வேண்டும் என்று பள்ளி மாணவன்கூடக் கணக்குப் போட்டுவிடுவான்.


பல்லடம் மில்:

எங்க பக்கத்துல இருந்து பேங்கிங் கணக்கு மாசவாரியா எடுத்துத் தர்றேனுங்க. முதலாளிகிட்டக் கேட்டுட்டேன், சரின்னுட்டாரு.


கடல்புறத்தாள்:

ஐயா, வரைவில் இன்னொரு வரி சேருங்கள். கூடங்குளத்து யூனிட் விலையைச் சொல்லும்போது, எரிந்த எரிபொருளைக் காலாகாலத்துக்கும் காத்துவைக்கிற செலவும் உலையை ஆயுள் முடிந்து பிரிக்கிற செலவும் அதில் எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும்.


ஓய்வுபெற்ற பொறியாளர்:

சேர்க்கிறேன் அம்மா. பேட்டரி ஏலத்துக்கும் அதே வரியைப் போடுகிறேன், ஆயுள் முடிந்த செல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிற செலவு யாருடையது என்று. வரைவை ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே போடுகிறேன், எல்லாரும் திருத்திக் கொடுங்கள்.